அணைத்தால் சாயும் வண்டியும் கிள்ளான் கல்யாணமும்

“வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள், அங்கிள்” என்றார் ரயில் நிலையக் காவலர் ஆங்கிலத்தில். அணைத்தால் விழுந்துவிடும் என்றேன். மோட்டார் ஓடக்கூடாது, விதி அதுதான் என்றார். சொல்லிப் பார்த்தேன், கையை ஆட்டிக் காட்டிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. சரி, உங்கள் இஷ்டம் என்று ஊன்றுகோலை எடுத்து, சுவரைப் பிடித்து இறங்கி, பொத்தானை அழுத்தினேன். வண்டி ஒருமுறை மரியாதையாகப் பீப் என்றது. அடுத்த நொடி அவருடைய பளபளக்கும் பூட்ஸின் மேல் குப்புற விழுந்தது.

கோலாலம்பூரில் என் இரண்டாம் நாள் அது. மலேசியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் நினைத்தேன், எழுதவும் போகிறேன். ஆனால் முதலில் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

எனக்கு இடது கால் இளம்பிள்ளைவாதத்தில் போனது. இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோலோடு பத்தடி நடப்பேன், பதினோராவது அடியில் மூச்சு வாங்கும். கோயம்புத்தூரில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இந்த வண்டி என் கைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம், நடுவில் நிற்க ஒரு தட்டு, முட்டுக்கொடுக்கச் சின்ன இருக்கை, பிடிக்க ஒரு கம்பி. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். உள்ளே இருக்கும் மோட்டார்தான் நொடிக்கு நொடி திருத்தி என்னை நேராக நிறுத்துகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் வண்டி வண்டியாக இருக்கும்.

சக்கர நாற்காலி போதாதா என்று கேட்காதவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு உலகம் முழுக்க இடுப்பும் பெல்ட்டும்தான். இதில் நின்றால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த சுகம் இது, விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வந்த காரியம் கல்யாணம். என் அக்கா சாரதா, கோயம்புத்தூரில் படிக்க வந்த மலேசியத் தமிழர் குணாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போனவள். அவர்களுடைய ஒரே மகள் தர்ஷினிக்குத் திருமணம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவருவது தாய்மாமன். தாய்மாமன் என்று அவளுக்கு நான் ஒருவன்தான். அவள் பெரியவளானபோது நடந்த சடங்குக்கு என்னால் வரமுடியவில்லை, யாரோ ஒரு தூரத்து உறவு என் இடத்தில் நின்று மாலை போட்டது. இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன். மணப்பெண் நடக்கும் வேகம் என்ன? ஊரில் என் மனைவி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் தினமும் ஒத்திகை பார்த்தேன். “இன்னும் மெதுவாங்க, புடவை தடுக்கும்” என்று அவள் திட்டித் திட்டியே என்னைப் பழக்கினாள். மகனுக்குப் பரீட்சை என்பதால் அவள் வரவில்லை.

அக்கா வீட்டில் படுக்கையறை எல்லாம் மாடியில். அதனால் லிஃப்ட் உள்ள ஓட்டல் பார்த்து, கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் தங்கினேன். முதல் நாள் காலை எழுந்து வெளியே வந்தால் ஊதுபத்தி வாசம், பூக்கடை, தோசைக்கல் சத்தம். நம் ஊரை யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தோசையும் பருப்புச் சாம்பாரும் சாப்பிட்டேன். தே தாரிக் என்று ஓர் ஆள் நீளத்துக்கு ஆற்றிக் கொடுத்தார்கள். ஊரில் இரண்டு வாய்க்கு வரும் டீ, இங்கே குவளை நிறைய வந்தது.

பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர் புழங்கும் பகுதி அது. கோலால் தடவிப் பார்த்து நடக்க வசதியாக நடைபாதை நெடுக மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த கோடு பதித்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் தெருவில் நடைபாதையே கிடையாது. கொஞ்ச தூரம் போனேன். அதே மஞ்சள் கோட்டின் மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். யார் நிறுத்தினார்களோ, நன்றாக இருக்கட்டும்.

எப்படித் தாண்டுவது என்று பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு வெள்ளைக் கோல் என் சக்கரத்தில் டொக்கென்று இடித்தது.

“யார்லா இது நடுவுல?” என்றார் கோலுக்குரியவர், இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு. கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. பெயர் தியாகு என்று பிறகு தெரிந்தது.

“மன்னிச்சுக்குங்க. மோட்டார் சைக்கிள் மறிச்சிருக்குது. நானும் தாண்ட முடியாமத்தான் நிக்கிறேனுங்க.”

“நீங்க வந்த சத்தமே கேக்கல பாஸ். என்ன வண்டி?”

விவரம் சொன்னேன். நின்றபடியே போகும், சத்தமே வராது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“அதத்தான் நானும் சொல்றேன். சத்தம் இல்லாத வண்டி எங்களுக்கு எமன் பாஸ். நீங்க பாட்டுக்கு வருவீங்க, நான் பாட்டுக்குப் போய்ச் சேந்துருவேன். ஒரு மணி வாங்கி மாட்டுங்க லா.”

சுருக்கென்றது. என்னை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் கத்துகிறவன் நான். இவரை நான் நினைத்துப் பார்க்கவில்லையே. வேறு வழியில்லாமல் இருவரும் சாலையில் இறங்கினோம், அவர் கை என் வண்டிக் கம்பியின் மேல். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. தியாகு திரும்பி, “மஞ்சக் கோட்ட காலி பண்ணச் சொல்லிட்டு அப்புறம் அடிடா ஹாரனு!” என்று தெரு அதிரக் கத்தினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. அன்றைக்கே சைக்கிள் மணி ஒன்று வாங்கிக் கம்பியில் மாட்டினேன்.

மறுநாள் கிள்ளானுக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் அந்த ரயில் நிலையம். பெயர் வேண்டாம், எல்லா நிலையமும் அப்படித்தான் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. லிஃப்ட் இருந்தது, அகலமான வாயில் இருந்தது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. சுவரில் ஒரு பலகை. சக்கர நாற்காலிப் படத்துக்குப் பச்சை. என் வண்டியைப் போலவே இரண்டு சக்கரப் படம் ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

காவலர் இளைஞர், மரியாதையானவர். பூட்ஸின் மேல் வண்டி விழுந்தபோதுகூடக் கோபப்படவில்லை. குனிந்து தூக்க உதவினார். பிறகு மலாயில் என்னவோ சொன்னார். அந்த வழியாகப் போன ஒரு தமிழ்ப் பெண் நின்று மொழிபெயர்த்தாள்.

“இது விளையாட்டுச் சாமானாம் அங்கிள். ஓ.கே.யு. சாமான் இல்லையாம்.” ஓ.கே.யு. என்றால் இங்கே மாற்றுத்திறனாளி.

“இது என் காலும்மா. காலைக் கழட்டி வெச்சிட்டு ரயில் ஏறுன்னா எப்படி?”

அவள் சொன்னாள். காவலர் என் காலிப்பரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஆனாலும் படம்தான் ஜெயித்தது. நிலையத்துச் சக்கர நாற்காலியில் உட்காருங்கள், நானே தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன் என்றார். அங்கே இறங்கியபின் என் கால் எங்கே இருக்கும் என்று கேட்டேன். இங்கேயே பத்திரமாக இருக்கும் என்றார். கேட்டீர்களா கதையை! கால் பிரிக்பீல்ட்ஸில் பத்திரமாக இருக்குமாம், நான் கிள்ளானில் இருப்பேனாம்.

வந்ததே எனக்குக் கோபம். நடுச்சாலையில் யாராவது இந்த மாதிரி வண்டியில் பறந்து விபத்து பண்ணியிருப்பார்கள், தடை போட்டிருப்பார்கள், தப்பில்லை. ஆனால் வேடிக்கைக்கு ஓட்டுகிறவனையும் வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவனையும் பிரித்துப் பார்க்க ஒரு வரி எழுதக்கூடாதா? மாற்றுத்திறனாளிகளுக்கு இங்கேயும் சட்டம் இருக்கிறது, நம் நாட்டிலும் இருக்கிறது. எங்கள் ஊரில் வழியே கிடையாது, அதனால் யாரும் என்னைத் தடுப்பதும் கிடையாது. இங்கே அழகாக வழி போட்டுவிட்டு வாசலில் நிறுத்துகிறார்கள். எது மேல் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் வாடகைக் கார். ஓட்டுநர் கோலாலம்பூரின் செந்தூல் பகுதிக்காரர், தமிழர். வண்டியைப் பின்னால் படுக்கவைத்து, கதையைக் கேட்டுவிட்டு, “நீங்க தப்பாச் சொல்லிட்டீங்கண்ணே. மெடிக்கல்னு ஒரு ஸ்டிக்கர ஒட்டியிருக்கணும். இங்க ஸ்டிக்கர் இருந்தா போதும் லா” என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் செண்டோல் என்ற குளிர்பானம் விற்கும் தள்ளுவண்டியைப் பார்த்ததும் அவரே ஓரங்கட்டினார். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் புழு மாதிரி ஏதோ, மேலே மலையாக ஐஸ். என் வண்டியை இறக்கச் சொல்லி, அதில் நின்றபடியே குடித்தேன். கடைக்காரர் என் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாகு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அந்தக் கிண்ணம் முடியும் வரை எனக்கு மலேசியாவின் மேல் ஒரு கோபமும் இல்லை.

மூன்றாம் நாள் கல்யாண மண்டபம் பார்க்கப் போனோம். கிள்ளானில் ஒரு பெரிய கட்டடத்தின் தரைத்தளம். தரை கண்ணாடி போலப் பளபளத்தது. எதிர்க்கோடியில் மேடை, ஏற மூன்று படிகள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இல்லை. அக்கா பூரித்துப்போயிருந்தாள். மேற்பார்வையாளர் பிரகாஷ் வந்தார், முப்பது வயது இருக்கும், இடுப்பில் வாக்கி-டாக்கி.

“அங்கிள், சாரி. மோட்டார் வெச்ச ஸ்கூட்டர் ஹால்ல ஓட்ட முடியாது. ரூல்ஸ்.”

“இது ஸ்கூட்டர் இல்லீங்க தம்பி.”

“தெரியும் அங்கிள். பாவம்தான். ஆனா ரூல்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு. நான் வேலைக்காரன் லா, என்ன செய்ய? வீல்சேர் ஃப்ரீயா தர்றோம்.”

அந்தப் ‘பாவம்தான்’ என்ற சொல் இருக்கிறதே, அதற்குப் பதிலாக என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரியும்போல, முகத்தில் கலவரம் இல்லை.

“கவலைப்படாத கண்ணு. நாலு பசங்கள ஏற்பாடு பண்ணிட்டேன்லா. நாற்காலிக்குப் பூ சுத்தி, உன்ன அப்படியே மேடைக்குத் தூக்கிருவாங்க. ராஜா மாதிரி இருக்கும்.”

“நான் என்ன உற்சவ மூர்த்தியாக்கா, தோள்ல தூக்கிட்டுப் போறதுக்கு? பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரவேண்டியவன் நான். அவ தரையில நடக்க, நான் மேலே மிதக்கவா?”

“கூட்டத்துல நீ விழுந்துட்டா என்னடா பண்ணுவேன்?” என்று அவள் அழ ஆரம்பித்தாள். மச்சான் குணா இருவருக்கும் நடுவில் நின்று, “தூக்கிடலாம் மாப்ள, அஞ்சு நிமிசம்தானே” என்றார். நம் சனத்துக்கு அது ஒன்றுதான் தெரியும். படி இருந்தால் தூக்கிடலாம், பஸ் உயரமாக இருந்தால் தூக்கிடலாம், கோயிலில் கூட்டம் என்றால் தூக்கிடலாம். பாசத்தில்தான் சொல்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தூக்கப்படுகிறவனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று ஓர் ஆத்மா கேட்டதில்லை. மாவு மூட்டையைத் தூக்கும்போதாவது கிழியுமா என்று பார்ப்பார்கள். ஆனாலும் அக்கா அழுகிறாள், நாளைக்குக் கல்யாணம். வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று என் வண்டியை மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்தச் சொன்னார்கள். சாத்தினேன். மணப்பெண் அறைக்கு வெளியே, மல்லிகைச் சரம் சுற்றிய சக்கர நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். எதிரே போகிறவர்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு, பட்டு வேட்டியும் துண்டுமாக நான்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மணப்பெண் வருகைக்கென்று மச்சான் ஏற்பாடு செய்திருந்த ஆட்டக்குழு. சரிகை வேட்டி கட்டிய நாலு பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு பலகை வண்டி, இரண்டு சக்கரம், கீழே நீல விளக்கு. ஏறி நின்று, முன்னால் சாய்ந்து, அந்தக் கண்ணாடித் தரையில் சர்ரென்று ஒரு வட்டம் அடித்து ஒத்திகை பார்த்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய ஆட்கள் நீளமான ஒரு மடக்குப் பலகையைக் கொண்டுவந்து மேடைப் படிகளின் மேல் சரிவாகப் போட்டுக் கம்பளம் விரித்தார்கள். வண்டியோடு மேடை ஏறுவதற்காம்.

“பிரகாஷ்!” நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். “என்ன தம்பி இது?”

“அது பெர்ஃபார்மன்ஸ் அங்கிள். ஈவன்ட் ஐட்டம். மேல அப்ரூவல் வாங்கியாச்சு.”

“அதுக்குள்ள இருக்கற மோட்டாரும் என் வண்டியில இருக்கற மோட்டாரும் ஒண்ணுதான். நான் மோட்டார்க்காரன், எனக்குத் தெரியும். ஆடறதுக்குன்னா விடுவீங்க, நடக்கறதுக்குன்னா விடமாட்டீங்களா?”

அவர் வாக்கி-டாக்கியைப் பிசைந்தார். அறைக் கதவு திறந்தது. முழு அலங்காரத்தில் தர்ஷினி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

“பிரகாஷண்ணே, ஈவன்ட் ஐட்டம்னா ஓகே, இல்ல? அப்ப எங்க மாமாவும் ஈவன்ட் ஐட்டம்தான். டான்ஸ் குரூப்ல அஞ்சாவது ஆள். அப்பாதானே காசு கட்டுறாரு, எழுதிக்குங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மாமா, வண்டிய எடுத்துட்டு வாங்க. நீங்க இல்லாம நான் இந்த ரூமை விட்டு நகர மாட்டேன் லா.”

செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலிருந்து வண்டி வந்தது. ஏறி நின்றேன், ஒரு கையில் கம்பி, மறு கையில் என் மருமகளின் மருதாணிக் கை. செல்வி பழக்கிய அதே வேகம். முன்னால் நாலு பேர் நீல விளக்கோடு வளைந்து வளைந்து போக, நாங்கள் நேராகப் போனோம். பலகையில் ஏறும்போது மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஏறிவிட்டோம். மணவறையில் அவளை உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தேன். கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவில்லை.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. யாரோ விசிலே அடித்தார்கள். எனக்குத்தான். ஆடியவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. தாய்மாமன் பெண்ணை அழைத்து வந்தால் எந்த ஊரில் கைதட்டுவார்கள்? நடந்து வந்த மனிதனுக்குக் கைதட்டுவது அவனை என்னவாக நினைத்து? அந்த நாலு நாளில் காவலர்மேல் வந்ததைவிட, பிரகாஷ்மேல் வந்ததைவிட, அந்தக் கைதட்டலின்மேல்தான் எனக்கு அதிகமாக ஆத்திரம் வந்தது. ஐட்டம் என்று சேர்த்ததால் ஐட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

தாலி கட்டி முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, இறங்கலாம் என்று மேடை ஓரத்துக்கு வந்தால் பலகையைக் காணோம். வெறும் மூன்று படிகள். ஆட்டக்குழுவுக்கு அடுத்த கல்யாணம் ரவாங் என்ற ஊரிலாம், பலகையை மடக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் இன்னும் மேலே இருக்கிறேனே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா ஏற்பாடு செய்த அந்த நாலு பேரும் எங்கிருந்தோ முளைத்தார்கள். நல்ல பிள்ளைகள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக, “அங்கிள், தூக்கிடலாமா?” என்றார்கள்.

“வேண்டாம் கண்ணுகளா. பலகை வரட்டும்.”

“அது போயிடுச்சு அங்கிள்.”

“திரும்பி வரட்டும். வர்ற வரைக்கும் நான் இறங்கப்போறதில்லை.”

மணவறைத் தூணில் வண்டியைச் சாத்திவிட்டு, மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். புகைப்படக்காரர் கெஞ்சினார், நான் நகரவில்லை. வாழ்த்த வந்தவர்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். ஒவ்வொருவரும் மணமக்களுக்குக் கைகொடுத்துவிட்டு, “என்ன அங்கிள், இங்கேயே உக்காந்துட்டீங்க?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன்: “பலகைக்காகக் காத்திருக்கேனுங்க.” எந்தப் பலகை, எதற்குப் பலகை என்று கேட்டவர்களுக்கு மேடையில் ஏறியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கீழே பந்தி ஓடிக்கொண்டிருந்தது, இங்கே கல்யாணப் பந்தியிலும் கறி உண்டு, ஆட்டுக்கறிப் பிரட்டல் வாசம் மேடை வரை வந்தது.

அக்கா வந்து, “மானம் போகுதுடா” என்று காதில் சொன்னாள்.

“யாரோட மானம்க்கா?” என்று கேட்டேன். அவள் கீழே இறங்கிப்போய் ஒரு வாழையிலையும் சோறும் கறியுமாக ஏறி வந்தாள். மேடையிலேயே எனக்குப் பரிமாறிவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பிரகாஷ் தம்பி! அந்த வேனுக்கு போன் போடுங்க. எந்தம்பி காத்திருக்கான்” என்று அங்கிருந்தே கத்தினாள். சின்ன வயதில் தெருப் பையன்கள் என்னை நொண்டி என்று கூப்பிட்டபோது அவள் போட்ட அதே சத்தம்.

பிரகாஷ் போன் போட்டார். அவரை நான் இனிமேல் குறை சொல்லமாட்டேன், வேன் திரும்பும்வரை வாசலிலேயே போய் நின்றார். பலகை வந்ததும் அவரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவந்து படிகளின் மேல் போட்டு, ஏறி நின்று மிதித்து உறுதி பார்த்தார்.

வண்டியில் ஏறினேன். பலகை முடியும் இடத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்ததால் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய மணியை அடித்தேன். விலகினார்கள். மெதுவாக இறங்கி, பந்திகளுக்கு நடுவே கைகழுவும் இடத்துக்குப் போனேன். எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் ரசம் கேட்டுக் கத்தினார், யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை.

அதற்காகத்தான் அவ்வளவு நேரம் மேலே உட்கார்ந்திருந்தேன்.